முகம் மட்டும்தான்மா போச்சு

உடைந்த சுரூபங்களை ஒட்டி, பெயிண்ட் அடித்துக் கொடுப்பது என் தொழில்; இதில் உடைந்ததைப் பார்த்து எனக்குப் பயமில்லை, அதைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்துத்தான் பயம்.

நீங்கள் தையல் மிஷின் வைத்திருக்கிறீர்களா? மிக்ஸி ரிப்பேர் பார்க்கிறீர்களா? கல்யாணப் பெண்ணுக்கு மேக்கப் போடுகிறீர்களா? அப்படியானால் நாமெல்லாம் ஒரே கட்சி. "சும்மா ஒரு சின்ன வேலைதான்" என்று ஆரம்பிக்கிற ஆளைக் கண்டாலே உங்களுக்கும் கதவைச் சாத்திக்கொள்ளத் தோன்றும். எனக்கு அந்தச் சின்ன வேலைகளெல்லாம் மாதா, சூசையப்பர், அந்தோணியார் உருவத்தில் வரும். கோயிலில் கும்பிடுகிற சிலைக்குத்தான் நாங்கள் சுரூபம் என்போம்.

பொழிச்சலூரில் எங்கள் வீட்டுக் கார் ஷெட்தான் பட்டறை. கார் கிடையாது. கார் நிற்க வேண்டிய இடத்தில் கையில்லாத அந்தோணியாரும், சிறகு முறிந்த சம்மனசு என்கிற தேவதூதர்களும் நிற்கிறார்கள். தலைக்கு மேலே விமானம் இறங்கும் பாதை. நான் ஜெபம் சொல்லாமல் பிரஷைத் தொடமாட்டேன். ஆனால் பாதி ஜெபத்தில் ஒரு விமானம் வந்து, கூரையைப் பிய்த்துக்கொண்டு போவதுபோல் போகும். மீதி மேலே போய்ச் சேர்ந்ததா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான்.

சாக்கு மூட்டை

ஒரு நாள் வாசலில் குட்டி யானை வண்டி வந்து நின்றது. எங்கள் பங்குச் சாமியார், அதாவது கோயில் ஃபாதர், முன்சீட்டிலிருந்து இறங்கினார். சின்ன வயசுக்காரர், எங்கள் கோயிலுக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. கூடவே கோயில் நிர்வாகத்தைப் பார்க்கிற பங்குப் பேரவையின் செயலாளர் சார். பின்னால், மெத்தையில் படுக்கவைத்து, புடவையால் மூடி, எங்கள் கோயில் மாதா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் சின்ன வயசில் புதுநன்மை என்று முதல் நற்கருணை வாங்கினது, கல்யாணம் பண்ணிக்கொண்டது எல்லாம் அந்த மாதா முன்னால்தான்.

திருவிழாவுக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்று ரெண்டு மூணு நாள் முன்னால் மாதாவை மாடத்திலிருந்து இறக்கியிருக்கிறார்கள். இறக்கியவர் மரியதாஸ் அண்ணன். கோயிலைப் பெருக்குவது, மணி அடிப்பது, பூ மாற்றுவது, மாதாவைத் துடைப்பது எல்லாம் அவர்தான். வேறு யாரையும் தொடவிடமாட்டார். மார்போடு அணைத்துக்கொண்டு ஏணியில் இறங்கியவருக்குக் கடைசிப் படியில் கால் இடறிவிட்டது. அவர் விழவில்லை. மாதா விழுந்துவிட்டார்.

"கொடியேத்தத்துக்கு இன்னும் மூணு வாரம்கூட இல்ல. முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க, ஃபைபர்ல புதுசா வாங்கிடலாம். கீழ விழுந்தாலும் உடையாது" என்றார் செயலாளர். நான் புடவையை விலக்கினேன். கிரீடம் வைக்கிற நெற்றி மேடு இருந்தது, காது இருந்தது, அதற்கு நடுவே ஒன்றுமில்லை. ஃபாதர் தயங்கித் தயங்கி ஒரு சின்ன அரிசிச் சாக்கை என் கையில் கொடுத்தார். உள்ளே பார்த்தேன். பொடியும் சில்லுமாகக் கிடந்தது, கால் கிலோ ரவை மாதிரி. நான் நிமிர்ந்து அவரைப் பார்த்த பார்வையில் மனுஷன் பயந்துவிட்டார் போலிருக்கிறது. அவசர அவசரமாக எனக்கு ஆறுதல் சொன்னார்:

"முகம் மட்டும்தான்மா போச்சு, மத்ததெல்லாம் அப்படியே நல்லா இருக்கு."

ரோஸி அக்கா பேசிய ஒப்பந்தம்

மறுநாள் சாயங்காலம் மரியதாஸ் அண்ணனின் மனைவி ரோஸி அக்கா வந்தார். பல்லாவரத்தில் தோல் கையுறை தைக்கிற கம்பெனியில் வேலை. பஸ்ஸை விட்டு இறங்கி நேரே வந்திருந்தார், கையில் டிபன் பாக்ஸ் பை. மாதா பக்கம் திரும்பவே இல்லை. அந்தோணியார் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அவரு கோயில் சாவிய பீடத்து மேல வச்சுட்டு வந்துட்டாரு ஸ்டெல்லா. அதோட சரி. பால் வாங்கப் போனாக்கூட அந்தத் தெரு வேணாம்னு சுத்திகினு போறாரு. காலைல பூசைக்குக் கூப்ட்டா செவுத்தப் பாத்துப் படுத்துக்கறாரு. மணி அடிச்சா காதப் பொத்திக்கிறாரு. 'தாயப் போட்டு ஒடச்சவன் இன்னா மூஞ்சிய வச்சிகினு உள்ள போறது'ன்றாரு." இதைச் சொல்லும்போது ரோஸி அக்காவின் குரல் உடைந்துவிட்டது.

ஃபாதர் போய்ப் பேசியிருக்கிறார், அன்பியம் என்கிற தெரு ஜெபக் கூட்டத்து ஆட்கள் போய்ப் பேசியிருக்கிறார்கள். "யார் மேலயும் தப்பில்லை, வெறும் பிளாஸ்டர்தானே" என்று செயலாளர் சொன்னாராம். அதைக் கேட்டு அண்ணன் இரண்டு வேளை சாப்பிடவில்லையாம். பழைய மாதாவே திரும்ப மாடத்தில் நின்றால் ஒருவேளை அவர் வருவார், புதுசு வாங்கி வைத்தால் இந்த ஜென்மத்தில் வரமாட்டார் என்பது ரோஸி அக்காவின் கணக்கு. முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். முதல் தடவையாக மாதாவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு என்னிடம் ஒரு ஒப்பந்தம் போட்டார்:

"நீ மாதா மூஞ்ச சரி பண்ணு ஸ்டெல்லா, நான் எம் புருசன் மூஞ்சப் பாத்துக்கறேன்."

ஆளுக்கொரு மாதா

சரி, முகம் செய்ய வேண்டும். எந்த முகத்தை? எனக்கு அந்த முகம் நன்றாகத் தெரியும் என்றுதான் நினைத்தேன். பென்சிலை எடுத்து உட்கார்ந்தால் ஒரு கோடு வரவில்லை. உங்கள் வீட்டுக் கடிகாரத்தில் எண்கள் எந்த எழுத்தில் இருக்கின்றன என்று யாராவது திடீரென்று கேட்டால் முழிப்பீர்களே, அந்த மாதிரி. சின்ன வயசிலிருந்து பார்த்த முகம். ஆனால் பார்த்தபோதெல்லாம் நான் பரீட்சையையும் கல்யாணத்தையும்தான் நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

பூசை முடிந்ததும் ஃபாதர் ஒரு அறிவிப்புச் செய்தார்: மாதாவின் முகத்தை நன்றாக ஞாபகம் வைத்திருப்பவர்கள் ஸ்டெல்லா வீட்டுக்குப் போய்ச் சொல்லவும். அவ்வளவுதான், என் கார் ஷெட் ரேஷன் கடை ஆகிவிட்டது. ஓய்வுபெற்ற ஹெச்.எம். பிலோமினா டீச்சர் முதல் ஆளாக வந்தார். "கண்டிப்பான முகம். அதைப் பார்த்துத்தான் நானே கிளாஸ்ல அப்படி இருக்கப் பழகினேன்" என்றார். ஆட்டோ ஓட்டுகிற தம்பி, "சிரிச்ச முகம்க்கா, காலைல முதல் சவாரிக்கு முன்னாடி ஒரு ஸ்மைல் கொடுக்கும்" என்றான். கல்யாணமாகிப் பல வருஷம் குழந்தையில்லாத ஒரு பெண் எல்லோரும் போகும்வரை காத்திருந்து மெதுவாகச் சொன்னாள்: "கீழே பார்ப்பாங்கக்கா. நான் முட்டி போட்டிருந்தேன், நேரா என்னைத்தான் பார்த்தாங்க." நான் மூன்றையும் தாளில் குறித்துக்கொண்டு தலையைச் சொறிந்தேன்.

கடைசியில் வந்தது கன்னியம்மா. கோவளம் பக்கத்து மீனவ ஊர், எங்கள் தெருவில் மீன் விற்கிறவர். இந்துதான், ஆனால் வெள்ளிக்கிழமை தவறாமல் மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுத்தான் கூடையைத் தூக்குவார். ஆட்டோத் தம்பி சொன்னதை நான் சொன்னதும் கூடையைத் தடாலென்று இறக்கி வைத்தார்:

"சிரிக்குமா? யாரு சொன்னா? என்னியக் கண்டா மொறைக்கும்! நான் தராசுல கை வச்ச நாளெல்லாம் அதுக்கு எப்படியோ தெரிஞ்சு பூடுது."

கல்யாண ஆல்பம்

பேச்சை நம்பிப் பிரயோசனமில்லை, போட்டோ கொண்டு வாருங்கள் என்றேன். வந்தன ஐயா, மூட்டை மூட்டையாக! ஞானஸ்நானம், புதுநன்மை, கல்யாணம், வெள்ளி விழா. ஒவ்வொன்றிலும் மாதா இருக்கிறார். ஆனால் மாலை தாடை வரைக்கும் ஏறியிருக்கிறது, கிரீடம் புருவம் வரைக்கும் இறங்கியிருக்கிறது. நடுவில் இருக்கிற கொஞ்சத்தில் மாடத்துக் கண்ணாடிக் கதவின் மேல் விழுந்த ஃப்ளாஷ் வெளிச்சம். எந்தப் படத்திலும் யாரும் மாதாவை எடுக்கவில்லை, மாதா முன்னால் தங்களை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். குறை சொல்லவில்லை, என் கல்யாண ஆல்பத்திலும் அதே கதிதான். என் ஜரிகை தெரிகிறது, அருளின் வேர்வை தெரிகிறது, மாதா இருக்கிற இடத்தில் ஒரு சீரியல் லைட் தெரிகிறது.

அருள் என் கணவர். மறைமலை நகரில் கார் பாகங்கள் செய்கிற கம்பெனியில் குவாலிட்டி செக்‌ஷன். அவரும் நானும் உட்கார்ந்து எல்லா ஆல்பத்தையும் லென்ஸ் வைத்துப் பார்த்தோம். யாரோ ஒரு பெண்ணின் கல்யாணப் படத்தில் ஒரு மூக்கு நுனி கிடைத்தது. அதுகூட மாதாவினுடையதா, பக்கத்தில் நின்ற மாமியாருடையதா என்று எங்களுக்குள் சண்டை. அந்தப் படத்தை எடுத்த போட்டோகிராபரையே போனில் பிடித்தேன். பல்லாவரத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கிறார். பழைய ஃபைல் ஏதாவது இருக்குமா, மாதா முகம் மட்டும் வேண்டும் என்று கெஞ்சினேன். மனுஷன் நிதானமாகச் சொன்னார்:

"மேடம், அந்தக் கல்யாணத்துல பொண்ணு மூஞ்சியே சரியா விழலன்னு இன்னும் என்னைத் தேடிக்கிட்டிருக்காங்க, நீங்க மாதாவுக்கு வந்துட்டீங்க."

பக்கத்து வீட்டு சிஸ்டர்

எங்கள் பக்கத்து வீட்டில் கிரேஸ் சிஸ்டர். பெந்தெகொஸ்தே சபை. தங்கமான மனுஷி, எனக்கு ஜுரம் என்றால் கஞ்சி அவர் வீட்டிலிருந்துதான் வரும். ஆனால் என் தொழில் அவருக்கு ஆகாது. சிலை வைத்துக் கும்பிடுவது பாவம், விக்கிரகம் என்பார். காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் துணி காயப் போடும்போது கண்ணை இந்தப் பக்கம் திருப்பாமல் இருக்க அவர் படுகிற பாடு எனக்கே பாவமாக இருக்கும்.

நான் பிளாஸ்டரைக் குழைத்து முகம் பிடிக்க ஆரம்பித்த நாளிலிருந்து அவர் வீட்டில் துவைக்கிற துணி அதிகமாகிவிட்டது. காலையில் ஒரு வாளி, மதியம் ஒரு வாளி. நான் செய்வேன், பிடிக்காமல் சுரண்டிப் போடுவேன், மறுபடி செய்வேன். நாலாவது தடவையும் சுரண்டக் கத்தியை எடுத்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. சுவருக்கு மேலே கிரேஸ் சிஸ்டரின் தலை தெரிந்தது. ஒரு ஈரத் துண்டைப் பிழிந்துகொண்டே, எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னார்:

"நாங்க இதையெல்லாம் நம்ப மாட்டோம் சிஸ்டர், அது வேற விஷயம். ஆனா இடது கன்னம் கொஞ்சம் வீங்கின மாதிரி இருக்கு."

என் சொந்தப் படைப்பு

கலைக்கல்லூரியில் என்னோடு படித்தவள் ஒருத்தி, இப்போது பெரிய இடங்களில் கண்காட்சி வைக்கிறாள். எப்போது போனில் பேசினாலும் ஒரே கேள்வி: "ஸ்டெல்லா, நீ யாரோ செஞ்சதை ஒட்டிக்கிட்டே இருக்கியே, உன் சொந்தப் படைப்பு எங்கடி?" சிரித்து மழுப்பிவிடுவேன். ஆனால் அந்தக் கேள்வி மீன் முள் மாதிரி உள்ளே கிடக்கும். இப்போது பாருங்கள், யாருக்கும் ஞாபகமில்லாத ஒரு முகம், என் கையில் ஒரு வாளி பிளாஸ்டர். இதைவிட வாய்ப்பு எப்போது வரும்? கடவுளுக்காவது ஒரு வசதி இருந்தது, மனுஷனைச் செய்ய மண்ணைப் பிசைந்தபோது தன் சாயலையே பார்த்துச் செய்துவிட்டார். எனக்கு அந்த வசதி இல்லை, சரி, என் கற்பனையே போதும் என்று துணிந்துவிட்டேன்.

செய்தேன். நான் சொல்லக்கூடாது, அழகு என்றால் அப்படி ஓர் அழகு. குவிந்த உதடு, உருண்ட தாடை, அதில் லேசாக ஒரு குழி, வழுவழுவென்று கன்னம். ஃபாதர் பார்த்துவிட்டுக் கும்பிட்டார். செயலாளர் சார்கூட, "பரவாயில்லையே, ஃபைபர் மாதிரியே இருக்கு" என்றார். அவருக்குத் தெரிந்த பெரிய பாராட்டு அது. ரோஸி அக்கா மட்டும் வந்து பார்த்து, டிபன் பாக்ஸ் பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார். எனக்குச் சுருக்கென்றது.

அன்றைக்கு எனக்கு மாதா மேலேயே கோபம். மாதாவிடம் போய்க் கோபித்துக்கொள்வார்களா என்று கேட்காதீர்கள், அம்மாவிடம் கோபித்துக்கொள்ளாமல் வேறு யாரிடம் போவது? "உன் முகத்தை நீயே ஒளிச்சு வச்சுக்கிட்டு என்னை எதுக்கு இந்தப் பாடு படுத்துறே? அந்த மனுஷன் அங்கே சுவரைப் பார்த்துப் படுத்திருக்கார், தெரியுதா இல்லையா உனக்கு?" என்று சத்தமாகவே கேட்டுவிட்டேன். ஷிஃப்ட் முடிந்து வந்த அருள் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார் போல. செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, கம்பெனியில் பாகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது போல மாதாவைச் சுற்றி வந்தார். பிறகு ரிப்போர்ட் கொடுத்தார்:

"அழகாத்தான் இருக்கு ஸ்டெல்லா. ஆனா பஸ்ஸுல பக்கத்து சீட்டுல வந்து உட்கார்ந்தா, பேச்சுக் கொடுக்கப் பயமா இருக்கும்."

தூசி

இதற்கிடையில் எனக்கு ஒரே ஒரு நம்பிக்கை பாக்கி இருந்தது. மரியதாஸ் அண்ணன். வருஷக்கணக்காக அந்த முகத்துக்கு ஒரு முழம் பக்கத்தில் நின்றவர் அவர் ஒருத்தர்தான். வரமாட்டேன் என்றவரை ரோஸி அக்கா எப்படிப் பேசினாரோ, ஒரு மதியம் கேட் பக்கத்தில் வந்து நின்றார். ஆள் பாதியாகியிருந்தார். இத்தனைக்கும் இது கார் ஷெட், நானே செருப்போடு நிற்கிற இடம், அவர் வெளியிலேயே கழற்றிவிட்டு வந்தார். தலை நிமிரவில்லை.

"அண்ணா, நீங்கதான் சொல்லணும். எல்லாரும் தூரத்துல நின்னு பார்த்தவங்க. நீங்கதான் கிட்டப் பார்த்தவர். எப்படி இருந்தாங்க?" என்றேன். "நான் பாத்ததே இல்ல ஸ்டெல்லா" என்றார். எனக்குப் புரியவில்லை. "தெனம் தொடச்சீங்களே அண்ணா!" என்றேன். "தொடச்சேன். குனிஞ்சிகினேதான் தொடைப்பேன். அவ்ளோ கிட்ட நின்னுகினு கண்ணுக்குக் கண்ணு எப்டிப் பாக்கறது? எனக்கு வெக்கமா இருக்கும். நான் இன்னா பெரிய யோக்கியனா?" எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. போச்சுடா, கடைசிச் சாட்சியும் கை விரித்துவிட்டது என்று தலையில் கை வைத்துக்கொண்டேன்.

அன்று காலையில்தான் உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருந்தேன், முகம் முழுக்க வெள்ளைத் தூசி. அவர் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டார். "தூசி கீது" என்றார். தோளில் கிடந்த துண்டை எடுத்தார். குனிந்த தலை குனிந்தபடியே, நெற்றியில் ஆரம்பித்து, மூக்கோரம் இறங்கி, கன்னம் வழியாகத் தாடைக்கு வந்தார். வந்த கை நின்றுவிட்டது. திரும்ப மேலே போய், திரும்ப இறங்கி, அதே இடத்தில் நின்றது. "இங்க துணி நிக்காதே" என்றார் தனக்குத்தானே. "வழுக்கிகினு போய்டும். இங்க நிக்குதே."

நான் ஆசை ஆசையாகப் போட்ட தாடைக் குழி அது. கத்தியை எடுத்துச் சீவினேன். அவர் துடைத்தார். சீவினேன், துடைத்தார். என் உருண்ட தாடை போய் ஒடுங்கலான தாடை வந்தது, உப்பிய கன்னம் போய்க் கொஞ்சம் ஒட்டிய கன்னம் வந்தது. அவர் பார்க்கவே இல்லை, எல்லாம் துண்டு சொன்னதுதான். எனக்குக் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது, அதையும் தூசி என்று சொல்லிக்கொண்டேன். கண் இருக்க வேண்டிய இடத்துக்கு வந்ததும் கையை எடுத்துவிட்டார். "கண்ணு எப்படிண்ணா? ஆழமா, மேடா?" என்றேன் ஆவலோடு. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்:

"கண்ண மட்டும் தொட மாட்டேன் ஸ்டெல்லா, ஊதி வுட்ருவேன்."

மொறைக்குது

ஆகவே கண் என் பாடு ஆயிற்று. யாரிடமும் கேட்கவில்லை, ஆல்பத்தையும் திறக்கவில்லை. குனிந்த தலையோடு ஒரு மனுஷன் எதிரில் நின்று துடைத்துக்கொண்டிருந்தால் எதிரில் இருக்கிறவள் அவனை எப்படிப் பார்ப்பாள், அதை மட்டும் நினைத்துக்கொண்டேன். ஜெபம் சொல்லிவிட்டு வரைந்தேன். ஒரு விமானம் போயிற்று, இன்னொன்றும் போயிற்று, என் கை அசையவில்லை. சொந்தப் படைப்பா என்று என் சிநேகிதி கேட்டால் என்ன சொல்வேன் தெரியவில்லை. கொஞ்சம் நான், கொஞ்சம் அந்தத் துண்டு, மீதி யார் என்று எனக்கே தெரியாது. ஆனால் அவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் வரைந்ததில்லை.

மரியதாஸ் அண்ணன் தினமும் வர ஆரம்பித்தார். தூசி துடைக்கத்தான் வருகிறாராம். அந்தோணியார், சம்மனசு எல்லாரையும் துடைத்துவிட்டு டீ குடித்துவிட்டுப் போவார். கோயில் பேச்சை எடுத்தால் மட்டும் எழுந்துவிடுவார். பிலோமினா டீச்சர் பார்த்துவிட்டு, "கண்டிப்புப் பத்தாது" என்று மார்க் குறைத்தார். அந்தக் குழந்தையில்லாத பெண் தரையில் உட்கார்ந்து மேலே பார்த்தாள், என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனாள். கன்னியம்மா கூடையோடு உள்ளே வந்தார், ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார், சட்டென்று முந்தானையை இழுத்துத் தராசை மூடினார்:

"அய்யே, மொறைக்குது பாரு!"

இந்த வாட்டி

கொடியேற்றத்துக்கு முந்தின நாள் காலையில் குட்டி யானை மறுபடி வந்தது. ஃபாதர், செயலாளர், கூடவே நாலு இளைஞர்கள். ரோஸி அக்கா லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். மரியதாஸ் அண்ணன் மாதாவைக் கடைசியாக ஒரு தடவை துடைத்துவிட்டு, கண் பக்கம் ஊதிவிட்டு, சுவரோரமாக ஒதுங்கினார். "நான் வூட்டுக்குப் போறேன்" என்றார் மெதுவாக. ரோஸி அக்காவின் முகம் விழுந்துவிட்டது. இத்தனை நாள் வேலையும் அந்த ஒரு வார்த்தையில் வீணாகப் போகிறதே என்று எனக்குப் பகீரென்றது. மாதா மாடத்துக்குப் போய்விடுவார், இந்த மனுஷன் மறுபடி சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவார்.

"ஆமா ஆமா, அண்ணன் பாவம், ரெஸ்ட் எடுக்கட்டும். பசங்க தூக்கிக்குவாங்க. எதுக்கு வம்பு?" என்றார் செயலாளர். நல்ல மனசோடுதான் சொன்னார். எனக்குத்தான் மண்டை காய்ந்துவிட்டது. மாதாவுக்கு முன்னால் போய் நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டேன். "அண்ணன் தூக்கினா வண்டி ஏறும். இல்லன்னா இங்கேயே இருக்கட்டும், அந்தோணியாருக்குத் துணையா. நீங்க ஃபைபர்ல வாங்கிக்குங்க" என்றேன். இளைஞர்கள் என்னைப் பார்த்தார்கள், ஃபாதரைப் பார்த்தார்கள். அண்ணன், "வேணாம் ஸ்டெல்லா, கை நிக்காது, திரும்பவும் போட்ருவேன்" என்று கெஞ்சினார். சின்னப் பிள்ளை மாதிரி இருந்தது அவர் குரல்.

ஃபாதர் அங்கியின் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டுக்கொண்டு, குனிந்து மாதாவின் பீடத்தடியைப் பிடித்தார். "கால் பக்கம் நான் பிடிச்சுக்கறேன் அண்ணா. தலைப் பக்கம் நீங்க வாங்க" என்றார். ரோஸி அக்கா புருஷனை முதுகில் கை வைத்துத் தள்ளினார், செல்லமாக இல்லை, நிஜமாகவே தள்ளினார். அண்ணன் வந்தார். இரண்டு கையையும் வேட்டியில் துடைத்தார். மாதாவின் தோளைச் சுற்றிக் கையைப் போட்டு மார்போடு சாய்த்துக்கொண்டார். இப்போது முகம் முகத்துக்கு நேரே இருந்தது, குனிய இடமில்லை. பார்த்தார். அவர் பார்த்ததை நான் பார்த்தேன். கன்னத்தில் ஓடின கண்ணீரைத் துடைக்கக் கை இல்லை, இரண்டு கையும் மாதாவிடம் இருந்தன. வண்டி இருந்த பக்கம் முதல் அடி எடுத்து வைப்பதற்கு முன்னால், நாங்கள் யாரும் அங்கே இல்லாத மாதிரி, அந்த முகத்தைப் பார்த்துச் சொன்னார்:

"இந்த வாட்டி நீயும் என்னியக் கெட்டியாப் புடிச்சுக்க தாயே, நான் ஒருத்தனே புடிச்சாப் பத்தாது."

என் வீட்டு வாசல் போர்டில் 'இங்கு சுரூபங்கள் மட்டும் பழுது பார்க்கப்படும்' என்று கொட்டை எழுத்தில் எழுதித்தான் வைத்திருக்கிறேன், ஆனால் எங்கள் பக்கத்து ஜனங்கள் போர்டைப் படித்துவிட்டு உள்ளே வருகிற ஜாதியே இல்லை.